தாய்மாமன் புதைத்த பிளாக்

1. மாலை

அந்த வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது வாசலில் ஒரு மினி டெம்போ நின்றிருந்தது. வீட்டுக்குள்ளே என் பிறந்த ஊரான கச்சிராயபாளையத்துக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் பெரிய ரோஜா மாலை. என் மகன் தினேஷ் அவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தான். மாலை அவனுக்காக வாங்கி வந்தது.

மாலையை வைத்திருந்தவர் கதிர்வேல் அண்ணன். என் கூடப்பிறந்த அண்ணன் முருகேசன் ஓட்டும் கரும்பு டிராக்டர் அவருடையது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். மாலை சரிந்தது. மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"தப்பா எடுத்துக்காத தங்கச்சி. ஊர்ல ஒண்ணு கேள்விப்பட்டோம். இங்க வந்தா தம்பியே கதவத் தொறக்குது."

"இன்னா கேள்விப்பட்டீங்க?"

"முருகேசன் மருமவன் தலைய அடக்கம் பண்ணிட்டான், பாலும் தெளிச்சிட்டான்னு சொன்னாங்க. தலைய அடக்கம் பண்ணா மீதிய வூட்லதான வச்சிருப்பாங்க. அதான் வந்தோம்."

தினேஷ் என்னிடம் தம்ளரை நீட்டினான். "இந்த மாலைய இன்னா பண்றதுன்னுதான் பேசிக்கினு இருக்கோம்மா. கடையில திருப்பி எடுத்துக்க மாட்டாங்களாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். முட்டை டிரேயின் ஓரத்தில் நான் வைத்திருந்ததைக் காணவில்லை. அன்று காலையில்தான் புதுச்சேரி டாக்டரம்மா அதைக் கேட்டுப் போன் செய்திருந்தார்.

2. ஃப்ரிட்ஜில் இருந்தது

இதைப் படிக்கப்போவது பெரும்பாலும் எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் லேப் டெக்னீஷியன் பிள்ளைகள். அவர்களுக்கு பிளாக் என்றால் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஆபரேஷனில் வெட்டியெடுத்த சதைத்துண்டை முதலில் ஃபார்மலினில் போடுவோம். பிறகு அதிலுள்ள நீரை எடுத்துவிட்டு, உருக்கிய மெழுகில் பதிப்போம். பிஸ்கட் அளவில் ஒரு பிளாஸ்டிக் காஸெட், அதன்மேல் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் பருப்பளவு சதை. அதுதான் பிளாக். அதை மைக்ரோடோமில் பூட்டி, முடியைவிட மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஏற்றிச் சாயம் போட்டு டாக்டரிடம் கொடுப்போம். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் லேபில் பல வருஷமாக நான் செய்யும் வேலை இது. யாருடைய கட்டி என்று யோசித்தால் வேலை ஓடாது. அதனால் நம்பரை மட்டும் பார்ப்பேன், பெயரைப் பார்க்க மாட்டேன்.

இந்த முறை பெயரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பாலிடெக்னிக் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த தினேஷுக்கு ஒருநாள் வலிப்பு வந்தது. ஸ்கேனில் மூளையில் கட்டி என்றார்கள். புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. கட்டி ஆழத்தில் இருந்ததால் முழுதும் எடுக்க முடியவில்லை. எடுத்த துண்டுகளிலும் கட்டி நன்றாக அகப்பட்டிருந்தது ஒரே ஒரு பிளாக்கில்தான்.

இன்னொரு டாக்டரின் கருத்துக்காக அந்த பிளாக்கை வாங்கிச் சென்னைக்கு அனுப்பினேன். அது கூரியரில் திரும்பி வந்ததும் எங்கள் லேப் அலமாரியில் வைத்திருக்கலாம். கை வரவில்லை. யார் யாருடையவோ கர்ப்பப்பைக்கும் தைராய்டுக்கும் நடுவில் என் பிள்ளையின் கட்டியைச் சொருகி வைக்க என்னால் முடியவில்லை. மே மாத வெயிலில் எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தியே குனிந்து நிற்கும். அதனால் ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

டாக்டரம்மா போனில் சொன்னது இதுதான்: "கட்டியில எம்.ஜி.எம்.டி.ன்னு ஒரு ஜீனோட மெத்திலேஷன் பார்க்கணும்ங்க. நாம தரப்போற மாத்திரை எந்த அளவுக்குக் கைகொடுக்கும்னு அதுதான் சொல்லும். எங்ககிட்ட வேற திசு மிச்சமில்ல. இதுக்காகத் திரும்பத் தலையைத் திறக்கவும் முடியாது. திங்கக்கிழமை பிளாக்கைக் கொண்டு வந்துடுங்க."

சரிங்க டாக்டர், பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று பதில் சொல்லியிருந்தேன்.

3. தாய்மாமன் பொறுப்பு

அண்ணனுக்குப் போன் போட்டேன். டிராக்டர் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"அண்ணே, ஃப்ரிட்ஜுல வச்சிருந்தது எங்க?"

"எது?"

"முட்டைக்குப் பக்கத்துல."

"அதா. அது நல்லபடியா முடிஞ்சிது தனம். நேத்து பால்கூடத் தெளிச்சிட்டேன்."

"யாரக் கேட்டு எடுத்த?"

"யாரக் கேக்கணும்? மாப்ளைக்கு மொத மொட்டை யார் மடியில அடிச்சாங்க?"

"உன் மடியில."

"காது குத்துனது?"

"அதுவும் உன் மடியில."

"அப்ப அந்தத் தலையிலருந்து எடுத்தது முடியா இருந்தா இன்னா, கட்டியா இருந்தா இன்னா? எல்லாம் தாய்மாமன் பொறுப்புதான். நீ அத முட்டையோட வச்சிக்கினு இருக்கற. தலைக்குள்ள இருந்தவன் வெளிய வந்தும் அதே வூட்ல குந்திக்கினு இருந்தா, திரும்ப உள்ள போறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

எங்கள் பக்கத்தில் விபத்தில் துண்டான விரலையோ, சர்க்கரை நோயால் எடுத்த காலையோ ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிவந்து புதைத்துப் பால் தெளிப்பவர்கள் உண்டு. எங்கள் கவுன்டரிலேயே கேட்டிருக்கிறார்கள். அண்ணன் முறையாகத்தான் செய்திருந்தார். அது மெழுகில் இருந்ததுதான் வித்தியாசம்.

செவ்வாய்க்கிழமை நான் டூட்டியில் இருந்தபோது வந்திருக்கிறார். அப்போது வீட்டில் தினேஷ் மட்டும்தான். என் கணவருக்கு பெங்களூருவில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். நடந்ததைத் தினேஷ் டீ ஆற்றிக்கொண்டே சொன்னான்.

"இதானா அதுன்னு மாமா கேட்டாரு. ஆமான்னேன். கையெடுத்துக் கும்பிட்டுட்டு டவல்ல சுத்திக்கினாரு. ரெண்டு முட்டையும் எடுத்துக்கினாரு. அது எதுக்குன்னு தெரியல."

காதிலிருந்து எடுக்காத போனில் அண்ணனிடம் சொன்னேன், டாக்டர் அதைக் கேட்கிறார், தோண்டி எடுக்க வேண்டும் என்று.

"தனம், நீ படிச்சவ. பொதைச்சத எதுக்கு எடுப்பாங்க? சாவுல சந்தேகம் இருந்தா, டெஸ்ட் பண்ணிப் பாக்கறதுக்கு எடுப்பாங்க."

"அதேதான் அண்ணே. டெஸ்ட் பண்ணத்தான் கேக்கறாங்க."

"செத்தவனையா?"

"அவன் சொந்தக்காரன் ஒருத்தன் இன்னும் தலைக்குள்ள இருக்கான் அண்ணே. எந்த மருந்துக்கு மசிவான்னு இவன வச்சித்தான் கண்டுபிடிக்கணும்."

"கதிர்வேலு அங்கதான இருக்கான்? டெம்போவுல ஏறி வாங்க" என்று போனை வைத்துவிட்டார்.

4. மரவள்ளிக் கொல்லை

லேபுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு டெம்போவில் ஏறினேன். தினேஷை வர வேண்டாம் என்றேன். "என் கட்டிக்கு நான் இல்லாமலா" என்று முன் சீட்டில் கதிர்வேல் அண்ணன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். பின்னால் நாங்கள் நசுங்கி உட்கார்ந்திருந்ததால் மாலையை அவன் மடியில் வைத்தார்கள். மொட்டைத் தலையில் தொப்பி, மடியில் ரோஜா மாலை. வழியில் டீசல் போட நின்றபோது பங்க் பையன் எட்டிப் பார்த்து, "கல்யாணமாண்ணா?" என்று கேட்டான்.

"ஆமா. பொண்ணுதான் இன்னும் தோண்டி எடுக்கல" என்றான் தினேஷ்.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஆரம்பிக்கும் இடத்தில் அண்ணன் குத்தகைக்குப் பிடித்திருக்கும் மரவள்ளிக் கொல்லை இருக்கிறது. வரப்பில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்க்காமல் கொல்லையின் மூலையைக் காட்டினார்.

அங்கே குழி இருந்தது. மண் நாலாபக்கமும் இறைந்து கிடந்தது. சுற்றியிருந்த மரவள்ளிச் செடிகள் வேரோடு சாய்ந்து, கிழங்குகள் பாதி கடித்துக் கிடந்தன.

"பன்னி" என்றார். "மலையிலருந்து ராவுல எறங்கியிருக்குது. நேத்து பால் ஊத்துனேன் பாரு, அந்த வாசனைக்கு வந்திருக்கும்."

அப்படியே வரப்பில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு பிளாக். திரும்பத் தலையைத் திறக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னது மட்டும் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா" என்றான் தினேஷ், "எம்மாம் பெரிய பன்னி? அதப் புடிச்சா அதுக்குள்ளருந்து டெஸ்ட் எடுக்கலாம்ல."

"வாய மூடுறா மாப்ள." அண்ணன் அழுதுகொண்டிருந்தார். டிராக்டர் ஓட்டிக் காய்ப்பேறிய கையால் முகத்தைத் துடைத்தார். முகம் முழுக்கச் செம்மண் ஆனது.

"எதுல வச்சிப் பொதைச்ச?" என்று கேட்டேன்.

"சம்படத்துல. சும்மா மண்ணுலயா வைப்பேன்? நல்ல எவர்சில்வர் சம்படம்."

அதைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். ஆளுக்கு ஒரு சாலாகப் பிரித்துக்கொண்டு தேடினோம். துக்கத்துக்கு வந்த நாலு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரவள்ளிக்கு நடுவே குனிந்து நடந்தார்கள். கதிர்வேல் அண்ணன் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோளிலேயே போட்டுக்கொண்டு தேடினார். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

சம்படம் என் காலில்தான் தட்டுப்பட்டது. கவிழ்ந்து பாதி மண்ணில் கிடந்தது. பக்கவாட்டில் பல் பட்டு நெளிந்திருந்தது. மண்ணைத் துடைத்தால் 'மு. தனலட்சுமி' என்று என் பெயர் வெட்டியிருந்தது. என் கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கிக்கொடுத்த சீர்ச் சாமான். செவ்வாய்க்கிழமை முட்டையோடு சேர்த்து இதையும் என் சமையலறையிலிருந்தே எடுத்திருக்கிறார். மூடி அவ்வளவு இறுக்கம். பன்றியால் திறக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னாலும் ஒரே மூச்சில் திறக்க முடிந்ததில்லை.

5. பேர் வைப்பு

மூடியைத் திறக்கப் போனேன். அண்ணன் கையைப் பிடித்தார்.

"இரு. சும்மா எடுக்கக் கூடாது. அடக்கம் பண்ணி, பாலும் ஊத்தியாச்சு. இப்ப எடுத்தா செத்தவன் திரும்பி வந்த கணக்காவும். பேர் வச்சி, உசிரோட இருக்கறவன் கணக்குலதான் வூட்டுக்குள்ள வரணும்."

இப்படி ஒரு வழக்கம் எங்கும் கிடையாது. அண்ணன் அந்த இடத்தில் கண்டுபிடித்தார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது மறுக்கத் தோன்றவில்லை. கதிர்வேல் அண்ணனும், "நியாயம்தான்" என்றார்.

"இன்னா பேர் வைக்கலாம்?" என்று அண்ணன் எல்லோரையும் பார்த்தார். "சாமி பேர் கூடாது. நம்ம வம்சத்துப் பேரும் கூடாது."

"அரியர்னு வைங்க மாமா" என்றான் தினேஷ்.

"அது இன்னா பேரு?"

"காலேஜ் பேரு. பெயிலானா வர்றது. திரும்பத் திரும்ப வரும், ஆனா எழுதி எழுதி க்ளியர் பண்ணிடலாம். நான் ஏழு க்ளியர் பண்ணியிருக்கேன்."

அண்ணன் ஒப்புக்கொண்டார். குழந்தைக்குப் பேர் வைக்கும்போது காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். சம்படத்தைத் திறந்தார். விபூதியும் மஞ்சள் துணியும், அதற்குள் பிளாக். மெழுகு முழுசாக இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"காது எது?" என்றார் அண்ணன்.

நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். காஸெட்டின் ஒரு பக்கம் சரிவாக இருக்கும், அதில் நம்பர் எழுதுவோம். அந்தப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்றார் கதிர்வேல் அண்ணன். அண்ணன் அதன்மேல் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "அரியர், அரியர், அரியர்" என்றார். என்னிடம் கொடுத்தார்.

வெறும் குழியைச் சும்மா மூடக் கூடாது என்று ஒருவர் நினைவுபடுத்தினார். எல்லோரும் கதிர்வேல் அண்ணன் தோளைப் பார்த்தோம். அவர் மாலையைக் கழற்றிக் குழியில் வைத்தார். அவர் முகத்தில் அன்று முதல்முறையாக நிம்மதி தெரிந்தது.

அந்த இரண்டு முட்டை எதற்கு என்று கேட்டேன். "பசிச்சிது" என்றார் அண்ணன்.

6. ரிப்போர்ட்

திங்கட்கிழமை புதுச்சேரியில் பிளாக்கைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் அங்கிருந்து ஒரு டெக்னீஷியன் பெண் கூப்பிட்டாள். "மேடம், பிளாக் மேல மஞ்சளா ஏதோ இருக்கு. விபூதி வாசனை வருது. ஏதாவது புது ஸ்டெயினா?" மேலாக டிரிம் செய்துவிட்டு எடுக்கச் சொன்னேன். வேறு எதுவும் கேட்காத நல்ல பெண்.

ரிப்போர்ட் என் போனுக்கு வந்தபோது நான் மைக்ரோடோம் முன்னால் இருந்தேன். எம்.ஜி.எம்.டி. ஜீன்: மெத்திலேஷன் உண்டு.

எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பில் மெத்திலேஷனைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறார்கள். ஒரு ஜீனில் உள்ள எழுத்து அப்படியே இருக்கும். ஒன்றும் அழியாது, ஒன்றும் மாறாது. ஆனால் அதன் தலைவாசலில் மெத்தில் என்ற சின்ன ஒட்டு ஒட்டிக்கொண்டே போனால் அந்த ஜீன் வேலை செய்யாது. கடைக்குள் சரக்கெல்லாம் இருக்கிறது, ஷட்டரை மட்டும் இறக்கிவிட்ட மாதிரி. கட்டி வளராமல் தடுக்கிற காவல் ஜீன்களைப் புற்றுநோய் இப்படித்தான் பல சமயம் சத்தமில்லாமல் மூடிவிடுகிறது என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான் மனதில் வைத்திருந்தது அவ்வளவுதான். மெத்திலேஷன் என்றால் கெட்டது.

எனவே கெட்டது உண்டு என்று படித்தேன். கத்தியில் சீவிக்கொண்டிருந்த மெழுகுச் செக்‌ஷன் சுருண்டு போனது. மெஷினை நிறுத்திவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அண்ணனிடம் எப்படிச் சொல்வது, தினேஷிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி வெளியே வந்தபோது டாக்டரம்மாவே கூப்பிட்டார்.

"ரிப்போர்ட் பாத்தீங்களா? நல்ல சேதி."

"மெத்திலேஷன் இருக்குன்னு போட்டிருக்குதுங்க டாக்டர்."

"அதுதாங்க நல்ல சேதி. இது ரிப்பேர் பண்ற ஜீன். நம்ம மாத்திரை கட்டியோட டி.என்.ஏ.வைக் காயப்படுத்தும். இந்த ஜீன் திறந்திருந்தா, காயத்தை உடனுக்குடனே சரி பண்ணிடும். மாத்திரை வீணாப் போகும். இங்க அது மூடிக் கிடக்கு. மாத்திரை நல்லா வேலை செய்ய வாய்ப்பு ஜாஸ்தி." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வாய்ப்புதாங்க. சத்தியம் பண்ணித் தர முடியாது."

அன்று சாயங்காலம் அண்ணன் வந்தார். "அரியருக்கு ரிசல்ட் வந்துடுச்சா?" என்றார். நான் அவருக்குத் தெரிந்த தொழிலில் சொன்னேன்.

"அண்ணே, மாத்திரைன்றது ரோட்டுல நாம போடற ஆணி. கட்டிதான் அந்த ரோட்டுல வர்ற லாரி. பக்கத்துலயே பஞ்சர் கடை தொறந்திருந்தா ஒட்டிக்கினு போய்க்கினே இருப்பான். இப்ப பாத்தா, அவனே அந்தக் கடைக்கு ஷட்டர் எறக்கி வச்சிருக்கான்."

"அவனேவா?"

"அவனேதான்."

"எதுக்கு?"

"ஊர்ல இருக்கற கடையெல்லாம் கண்ணு மண்ணு தெரியாம மூடிக்கினு வந்தவன், தனக்கு வேண்டிய கடையையும் சேர்த்து மூடிட்டான். தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கினான்."

அண்ணன் யோசித்தார். "மண்ணப் போட்டது நானு" என்றார்.

தினேஷ் மாத்திரையை முழுங்கிவிட்டு, தண்ணீர் தம்ளரை அவர் பக்கம் உயர்த்திக் காட்டினான்.

7. கவுன்டரில் கேட்க வேண்டியது

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ரிப்போர்ட்டில் 'உண்டு' என்று இருந்தால் கெட்டது என்றும், 'இல்லை' என்று இருந்தால் நல்லது என்றும் முகத்தை மாற்றாதீர்கள். எந்தக் கட்டியில், எந்த ஜீனில் என்று தெரியாமல் ஷட்டர் மூடியிருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எதிரே நிற்பவர் உங்கள் முகத்தைத்தான் படிப்பார். நான் என் போனைப் பார்த்தபோது எதிரே யாரும் இல்லாதது என் நல்ல நேரம்.

பிளாக்கைக் குடும்பத்தாரிடம் கொடுக்கும்போது பேசாமல் கையில் கொடுத்துவிடாதீர்கள். இது என்ன, எதற்கு, பின்னால் எப்போது தேவைப்படலாம் என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். நான் கடைசியாக, "பேஷண்டுக்குத் தாய்மாமன் இருக்காருங்களா?" என்றும் கேட்கிறேன். பக்கத்து கவுன்டரில் சிரிக்கிறார்கள். இருக்கிறார் என்றால் அவரையும் கூட்டிவரச் சொல்கிறேன்.

மிச்சமிருந்த பிளாக் திரும்பி வந்தது. இந்த முறை ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை. நம்பர் போட்டு, எங்கள் லேப் அலமாரியிலேயே, கர்ப்பப்பைக்கும் தைராய்டுக்கும் நடுவில் வைத்தேன். கதவைச் சாத்திப் பூட்டினேன்.

தினேஷ் மாத்திரை சாப்பிடுகிறான். அடுத்த ஸ்கேனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். வீட்டில் அந்தத் தேதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவன் தூக்கத்தில் புரண்டாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். கள்ளக்குறிச்சிக்கு லோடு வரும்போதெல்லாம் அண்ணன் டிராக்டரை ஓரமாக நிறுத்திவிட்டு லேபுக்கு வருவார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அலமாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார்.

"உள்ளதான் இருக்கானா?"

"இருக்கான் அண்ணே."

"வெளிய வுடாத" என்பார். நான் சாவியை இன்னொரு முறை திருப்பிப் பார்ப்பேன். பிறகு அவர் லோடை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.